ஏற்காட்டுப் பயணத்துக்குக் குளிர்பெட்டி: மலைக்கு வாங்காதீர்கள், அடிவாரத்துக்கு வாங்குங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பிறகு 1,500 மீட்டர் உயரத்தில் நிற்போம். நகரம் இருப்பது 280 மீட்டரை ஒட்டி. மே மாதம் கீழே நாற்பது டிகிரி கொதிக்கும்போது மேலே முப்பதை ஒட்டி நின்றுவிடும்; இரவில் போர்வை தேவைப்படும். வண்டியில் வைக்கும் குளிர்பெட்டியைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். “ஏற்காட்டுக்குக் கொண்டு போனேன், அருமையாக வேலை செய்தது” என்று ஒருவர் சொன்னால், நான் கேட்பது ஒன்றுதான்: வழியில் சேலத்தில் எத்தனை மணி நேரம் வெயிலில் நிறுத்தினீர்கள்? மலையில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

இது முதல் முறையாக வாங்குகிறவர்களுக்கான வழிகாட்டி. என் முதல் பெட்டியில் தயிர் புளித்தது, இரண்டாவது பெட்டி வண்டியின் பேட்டரியைக் குடித்தது. மூன்றாவதுதான் இன்று டிக்கியில் இருக்கிறது.

முதலில், தேவையா என்று பாருங்கள்

ஒரு நாள் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கும், ஒரே இரவு தங்குகிறவர்களுக்கும் நல்ல தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டி போதும். முந்தைய நாள் இரவே நான்கு தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து அடுக்கினால், உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். உதிரி ஐஸ் கட்டி வாங்கிப் போட்டால் மாலைக்குள் பெட்டிக்குள் குளம் கட்டும். அதில் மிதக்கும் கோழிக்கறிப் பொட்டலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மின்சாரக் குளிர்பெட்டி தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. இரண்டு மூன்று நாள் எஸ்டேட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள், கைக்குழந்தையின் பால் எடுத்துச் செல்கிறவர்கள், மேட்டூரில் மீன் வாங்கிக்கொண்டு அப்படியே ஏற்காடோ கொல்லிமலையோ ஏறுகிறவர்கள், இன்சுலின் வைத்திருக்கிறவர்கள். கடைசியில் சொன்னவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. உறைந்துபோனால் அது வீண். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது. பெட்டியின் உள்சுவரை ஒட்டி மருந்தை வைக்காதீர்கள், அங்கேதான் முதலில் உறையும். பெட்டியில் மின்னும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு சிறு வெப்பமானியை உள்ளே போட்டுவையுங்கள்.

எந்த வகை என்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது

கடையில் மூன்று வகைகளும் வெளியிலிருந்து ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். விலையைப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியும்.

மிக மலிவானது தெர்மோஎலக்ட்ரிக் வகை. ஜான் பெல்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்டுபிடித்த விளைவு இது. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கம்ப்ரசரும் இல்லை, வாயுவும் இல்லை, கெட்டுப்போக ஒரு மின்விசிறிதான் உண்டு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சிக்கல் என்னவென்றால், இது வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். ஏற்காட்டில் காலை 22 டிகிரி என்றால் உள்ளே ஐந்தாறு டிகிரிக்கு வரலாம், வாங்கியவர் மகிழ்வார். அதே பெட்டி சேலத்தில் மே மாத மதியம் மூடிய வண்டிக்குள் இருந்தால்? வண்டிக்குள் ஐம்பது டிகிரி எளிதாகத் தாண்டும். இருபதைக் கழித்தால் உள்ளே முப்பது. அதுதான் தயிர் உறை ஊற்றும் சூடு. என் முதல் பெட்டி இந்த வகைதான். ஒரு திருமண விருந்துக்காகச் சேலத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவிட்டு மேலே போய்த் திறந்தபோது, மோர்க்குழம்பு வைக்கத்தான் தயிர் பயன்பட்டது. இன்னொன்று: பெரும்பாலான தெர்மோஎலக்ட்ரிக் பெட்டிகள் குளிர்ந்த பிறகும் நிற்பதில்லை, நாற்பது ஐம்பது வாட் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் உறிஞ்சு வகை. எரிவாயுவிலும் ஓடும் என்பதால் வெளிநாட்டில் படுத்துச் சமைத்துப் பயணிக்கும் கேரவன் வண்டிகளில் பார்க்கலாம். இதைச் சமதளத்தில் வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சமதளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ எரிவாயு வைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது கம்ப்ரசர் வகை. வீட்டு ஃப்ரிட்ஜின் அதே தத்துவம், 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரசர். வெளியே நாற்பது டிகிரி இருந்தாலும் உள்ளே நான்கு டிகிரியில் வைக்கும், கேட்டால் மைனஸ் பதினெட்டுக்கும் போகும். விலை பல மடங்கு. உண்மையில் உறைய வைக்கும் பெட்டி என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். ஜப்பானின் ஏங்கல், ஐரோப்பாவின் டொமெட்டிக், ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஆகியவை நெடுந்தூரப் பயணிகள் அதிகம் பேசும் பெயர்கள். பெயர் தெரியாத பெட்டிகளும் ஏராளம். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆகவே பெயரைவிட்டுப் பெட்டியைப் பார்ப்போம்.

அளவு: லிட்டரை நம்பாதீர்கள்

அட்டையில் 40 லிட்டர் என்று போட்டிருக்கும். கம்ப்ரசர் உட்கார உள்ளே ஒரு பக்கம் மேடாக இருக்கும், அந்த மேட்டின் மீது முட்டையையும் பச்சை மிளகாயையும்தான் வைக்க முடியும். கடைக்குப் போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றையும், வீட்டில் இட்லி மாவு வைக்கும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டில் நிமிர்ந்து நிற்கிறதா, வாளி வைத்த பிறகு மூடி அழுந்துகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

இருவருக்கு இருபது லிட்டர், நால்வர் குடும்பம் இரண்டு இரவுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் சுமக்க ஆள் வேண்டும். நாற்பது லிட்டர்ப் பெட்டி வெறுமையாகவே பதினைந்து கிலோவைத் தாண்டும், நிரப்பினால் முப்பத்தைந்து கிலோ. டிக்கியின் நீள அகலத்தை அளக்கும்போது காற்று போக இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத்தில் உள்ள சல்லடைத் துளைகளுக்கு முன்னால் ஒரு கைப்பிடி அகலமாவது காலியாக இருக்க வேண்டும். அங்கே போர்வையைத் திணித்தால் பெட்டி தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் உறைநிலை என்று இரு அறைப் பெட்டிகள் இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நடுச்சுவர் இடத்தைத் தின்றுவிடுகிறது, மின்சாரமும் கூடுதல். ஒற்றை அறையை நான்கு டிகிரியில் வைத்து, கறியை வீட்டிலேயே கல்லாக உறைய வைத்து அடியில் போட்டால், இரண்டாம் நாள் மதியம் சமைக்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

உறுதியைக் கையால் சோதியுங்கள்

இருபது வளைவிலும் இந்தப் பெட்டி ஒரு பக்கமாகத் தள்ளும், அடுத்த வளைவில் மறுபக்கம். முதலில் கழல்வது கைப்பிடி, அடுத்தது மூடியின் கீல். கைப்பிடி பெட்டியின் உடலோடு வார்க்கப்பட்டதா, இரண்டு சிறு திருகாணியில் தொங்குகிறதா? கீல் உலோகமா, பிளாஸ்டிக்கா? பாதி திறந்த மூடியை மெல்லப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று ஆடினால் வேண்டாம்.

மூடியின் ரப்பர் பட்டையைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டு போதும். நோட்டைப் பாதி வெளியே நீட்டி மூடிவிட்டு இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியேறும். நான்கு பக்கமும் செய்து பாருங்கள், மூலைகளை விடாதீர்கள். மூடி அழுத்திப் பூட்டும் கொக்கி இருக்க வேண்டும். இது குளிருக்காக மட்டும் சொல்வதல்ல. மலைப்பாதையிலும் காட்சி முனைகளிலும் குரங்குகள் வண்டியின் கதவு திறக்கக் காத்திருக்கின்றன, சும்மா சாத்திவைத்த மூடியெல்லாம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

சுவரின் தடிமனைக் கேளுங்கள். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைந்த நுரைச்சுவர் நம் வெயிலுக்குப் பத்தாது. அடியில் தண்ணீர் வடிய அடைப்பான் இருந்தால் கழுவ எளிது. பெட்டி எவ்வளவு சாயலாம் என்பதும் கையேட்டில் இருக்கும். பல பெட்டிகளுக்கு முப்பது டிகிரி வரை. படுக்கவைத்துத் தூக்கி வந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள், கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வாயு நிரப்பச் சேலத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த 12 வோல்ட் கம்ப்ரசர்களை ஓட்டுவது அதன் பக்கத்தில் இருக்கும் மின்னணுப் பலகை. அது போனால் தெருமுனை மெக்கானிக் கையை விரித்துவிடுவார். கம்ப்ரசருக்கு ஐந்து வருட உத்தரவாதம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், பலகைக்கு எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

மின்சாரம்: இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

கணக்கு கடினமில்லை. நாற்பது லிட்டர்க் கம்ப்ரசர் பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். எப்போதும் ஓடாது, குளிர்ந்ததும் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வெளியே உள்ள சூடு முடிவு செய்கிறது. ஏற்காட்டு இரவில் கால்வாசி நேரம் ஓடினால் சராசரி 11 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பத்து மணி நேரத்துக்கு ஒன்பது பத்து ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போகும். சேலத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள் பத்தில் ஆறு பங்கு நேரம் ஓடினால் சராசரி 27 வாட். ஆறு மணி நேரத்திலேயே பதின்மூன்றைத் தாண்டும்.

சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் காலையில் வண்டி கிளம்புமா என்பது சந்தேகம், அடிக்கடி எடுத்தால் பேட்டரியே சீக்கிரம் செத்துவிடும். ஆக உங்கள் கையில் இருப்பது பதினேழு ஆம்பியர்-மணி. மதியம் சேலத்தில் பதின்மூன்று, இரவு மலையில் பத்து. ஒரு மணி நேர ஏற்றத்தில், வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டர் இதை முழுவதும் ஈடுகட்டாது. என் இரண்டாவது பெட்டி கம்ப்ரசர் வகை, நன்றாகவே குளிர்ந்தது. விடியற்காலை நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நல்லவேளை, இறக்கத்தில் நிறுத்தியிருந்தேன். காப்பி பறிக்க வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். உள்ளே பால் மட்டும் ஜில்லென்று இருந்தது.

அன்று நான் செய்த தவறு ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது. எல்லா நல்ல பெட்டிகளிலும் பேட்டரி இறங்கினால் பெட்டியை நிறுத்தும் பேட்டரிக் காவல் என்று ஓர் அமைப்பு உண்டு, மூன்று நிலைகளில்: குறைவு, நடுத்தரம், உயர்வு. ‘குறைவு’ என்றால் பேட்டரி குறையாமல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். உண்மையில் அது காவல் குறைவு. பேட்டரி 10 வோல்ட்டுக்கு வரும்வரை பெட்டி விடாது. ‘உயர்வு’ நிலையில் 11.8 வோல்ட்டை ஒட்டித் தானே நின்றுவிடும். வண்டியைக் கிளப்பும் பேட்டரியோடு இணைத்திருந்தால் எப்போதும் உயர்வு. தனிப் பேட்டரி இருந்தால் மட்டும் மற்றவை.

உயர்வில் வைத்த பிறகு வேறொரு தொல்லை வந்தது. முழுப் பேட்டரியிலும் பெட்டி அடிக்கடி நின்றது. செவ்வாய்ப்பேட்டையில் வண்டி மின்வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் வாசல் மணிதான் அடிக்கும்” என்றார். கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் தூரம் ஐந்து ஆம்பியர் போய் வந்தால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரியில் 12.5 இருந்தாலும் பெட்டிக்குத் தெரிவது 11.6. பாவம், அது காவல் வேலையைத்தான் செய்கிறது. நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். அப்படியே பேட்டரியிலிருந்து நேராக டிக்கிக்கு ஒயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுத் தந்தார். ஃப்யூஸ் குளிர்பெட்டியின் பக்கம் இருந்து பயனில்லை. நடுவழியில் ஒயர் உரசித் தீப்பிடித்தால் தடுப்பது பேட்டரிப் பக்க ஃப்யூஸ்தான். முனையில் சிகரெட் லைட்டர் பிளக் வேண்டாம், வளைவுகளின் ஆட்டத்தில் கழன்றுவிடும். திருகிப் பூட்டும் இணைப்பியோ, இறுக்கமாகப் பொருந்தும் ஆண்டர்சன் வகை பிளக்கோ போடுங்கள்.

இரண்டு இரவுக்கு மேல் என்றால் தனி மின்மூலம் வேண்டும். 500 வாட்-மணி கொண்ட கையடக்க லித்தியம் மின்பெட்டி, இழப்பு போக, சேலம் வெயிலில் பதினைந்து மணி நேரம், ஏற்காட்டில் ஒன்றரை நாள் தாங்கும். அதையும் வெயிலில் மூடிய வண்டிக்குள் விடாதீர்கள், லித்தியத்துக்குச் சூடு ஆகாது. சோலார் பலகை பற்றிக் கேட்பவர்களுக்கு: 100 வாட் பலகை சேலத்து மொட்டை மாடியில் தெளிந்த நாளில் 300 வாட்-மணிக்கு மேல் தரும். மேலே பனிமூட்டம், காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டுச் சின்ன ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

புறப்படும் முன், போகும் வழியில்

பெட்டியை முந்தைய நாள் மாலையே வீட்டு மின்சாரத்தில் போட்டுக் குளிர வையுங்கள். உள்ளே போகும் எல்லாமே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ந்தவையாக இருக்கட்டும். பத்து லிட்டர்த் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 5-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 350 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இந்தச் சிறு கம்ப்ரசருக்கு அது சுமார் ஆறு மணி நேர இடைவிடாத ஓட்டம். அடிவாரக் கடையில் சூடாக நிற்கும் சோடா பாட்டில்களை வாங்கி உள்ளே அடுக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள்.

இட்லி மாவை வாளியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நான்கு டிகிரியில் புளிப்பு ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் குளிர்வதற்குள் அது பொங்கும். இறைச்சியும் மீனும் மூடிய டப்பாவில், எல்லாவற்றுக்கும் அடியில். மாம்பழக் காலத்தில் மல்கோவாவைக் கொண்டு போகிறவர்கள் காயாகவோ அரைப்பழமாகவோ இருந்தால் குளிரில் வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே தோல் கறுத்து, உள்ளே பழுக்காமலே கெட்டுவிடும். நன்றாகப் பழுத்ததை மட்டும் சாப்பிடும் முன் சற்றுக் குளிரவைக்கலாம். வாழைப்பழம் வெளியிலேயே இருக்கட்டும்.

டிக்கியில் உள்ள கொக்கிகளில் பட்டை போட்டு நான்கு பக்கமும் கட்டுங்கள். முப்பத்தைந்து கிலோ எடை திடீர் பிரேக்கில் முன்னால் பறந்து வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் கட்டச் சோம்பல் வராது. சேலத்தில் நிறுத்த நேர்ந்தால் நிழல் தேடுங்கள், பெட்டியின் காற்றுத்துளையை மறைக்காமல் மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்துங்கள்.

தங்குமிடத்தில் இரவு பெட்டியை வெளியே விடாதீர்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் எஸ்டேட்டுக்குள் நடமாடுகின்றன. அவற்றுக்கு உங்கள் மீன்குழம்பில் ஆர்வம் இல்லாமல் இருக்கலாம், வழியில் கிடக்கும் பெட்டியைச் சுற்றிப் போகும் பழக்கமும் கிடையாது. காட்டுப் பகுதியில் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவதும் கூடாது. அனுமதி தரும் தனியார் எஸ்டேட்டாகப் பாருங்கள், அங்கே மின்சார இணைப்பு கேட்டு வாங்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் தேவையே இல்லை.

திரும்பி வந்த அன்றே பெட்டியைக் காலி செய்து, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் துடையுங்கள். ரப்பர் பட்டையின் மடிப்புகளை விடாதீர்கள், ஏற்காட்டு ஈரம் அங்கேதான் பூஞ்சையாக மாறும். ஒரு நாள் காயவிட்டு, மூடியை முழுவதும் சாத்தாமல் இடையில் எதையாவது செருகி வையுங்கள். என் வீட்டில் அது மோர் கடையும் மத்து. மத்தைக் காணோம் என்றால் இப்போதெல்லாம் நேராகப் பெட்டியைத்தான் போய்ப் பார்க்கிறார்கள்.